பத்தொன்பது தலை மிச்சமிருக்கும்போது

2024 மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானபோது தமிழ்நாட்டில் கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 6,996 பேர். அந்த ஆண்டு வேறெந்தப் பாடத்திலும் அத்தனை பேர் முழு மதிப்பெண் வாங்கவில்லை. கணிதத்தில் 2,587 பேர், இயற்பியலில் 633 பேர், தமிழில் 35 பேர். செய்தித்தாள்கள் இந்தப் பட்டியலைக் கட்டம் கட்டிப் போட்டன. பள்ளி வாசல்களில் ஃப்ளெக்ஸ் பேனர்கள் எழுந்தன.

எனக்கு அந்த எண் உறுத்தியது. கணினி அறிவியல் கணிதத்தின் வயிற்றில் பிறந்தது. ஆலன் டியூரிங் 1936-ல் எழுதிய கட்டுரை, எதைக் கணக்கிட முடியும், எதை முடியாது என்ற கணிதக் கேள்விக்கு அவர் தேடிய விடை. இன்று நாம் கணினி என்று சொல்கிற இயந்திரம் அப்போது கிடையாது. தாய் வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுகிற பிள்ளைகள் மகள் வீட்டில் மட்டும் எப்படி இத்தனை சுலபமாக நடமாடுகிறார்கள்? ஒன்று, நம் கணினி ஆசிரியர்கள் உலகத்திலேயே தலைசிறந்தவர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வில் சோதிக்கப்படுவது வேறு ஏதோ ஒன்று.

ஆசிரியர்களைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. அவர்கள் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். சோதிக்கப்படுவது என்ன என்பதை ஒரு டியூஷன் வீட்டு மாடிப்படியில் காதால் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் உட்கார்ந்து பைத்தான் நிரலை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "டெஃப் ஃபேக்ட் ஓப்பன் பிராக்கெட் என் குளோஸ் பிராக்கெட் கோலன், அடுத்த லைன், நாலு ஸ்பேஸ், இஃப் என் ஈக்வல் ஈக்வல் ஜீரோ கோலன்…" ராகம்கூட இருந்தது. நாலு ஸ்பேஸ் எதற்கு என்று ஒரு பையனிடம் கேட்டேன். "விட்டா மார்க் போயிரும் சார்" என்றான். பைத்தான் மொழியில் அந்த இடைவெளிதான் இலக்கணம். எந்த வரி எந்த வரிக்குள் அடங்கும் என்பதை அதுதான் சொல்கிறது. நாலு ஸ்பேஸை எடுத்துவிட்டால் நிரல் வேறொன்றைச் செய்யும், அல்லது எதையுமே செய்யாமல் நின்றுவிடும். ஒரே ஒரு தடவை அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தப் பையனுக்கு யாரும் எதையும் சொல்லித் தர வேண்டியிருக்காது. அவன் எடுத்துப் பார்க்கவே இல்லை. எடுத்தால் தப்பாகிவிடும் என்பதால் எடுக்கவில்லை.

நூறு மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறைத் தேர்வுக்கான பயிற்சிகள் ஏறக்குறைய பத்து. அவை புத்தகத்தின் கடைசியில் நிரலோடும் வெளியீட்டோடும் அச்சடித்தே கிடைக்கின்றன. ஃபேக்டோரியல், ஒரு தொடரின் கூட்டுத்தொகை, ஒற்றையா இரட்டையா, சொல்லைத் தலைகீழாக்குவது, பகா எண்களின் பட்டியல் என்று போகும். ஆண்டு முழுக்க அந்தப் பத்தும் ரெக்கார்ட் நோட்டில் அழகாக எழுதப்பட்டுக் கையெழுத்து வாங்கப்படும். தேர்வன்று ஒன்று விழும். பிள்ளை முதலில் தாளில் நிரலை எழுதுவாள். பிறகு அவுட்புட்டையும் எழுதிவிடுவாள். அப்புறம்தான் கணினிக்குப் போவாள். இயந்திரம் என்ன சொல்லப்போகிறது என்று இயந்திரத்தைத் தொடும் முன்பே தெரிந்த ஒரே சோதனைச்சாலை நம்முடையதாகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் புத்தகம் மோசமில்லை. இதுதான் இந்தக் கதையில் விசித்திரம். 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிப் புரட்டியவன் நான். எண்முறைகள், லாஜிக் கேட், கணினியின் பாகங்கள் என்று வழக்கமான முதல் அலகைத் தாண்டினால், சி++ தொடங்குவதற்கு முன்னால், மூன்று அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றில் எந்தக் கணினி மொழியும் இல்லை. ஒரு சிக்கலை எப்படித் துல்லியமாகச் சொல்வது, தேவையில்லாததை எப்படி ஒதுக்குவது, பெரியதை எப்படிச் சிறியதாக உடைப்பது, திரும்பத் திரும்ப ஒரு காரியம் நடக்கும்போது எது மாறாமல் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது – இவைதான் பொருள். ஆற்றைக் கடக்க வேண்டிய விவசாயி ஓர் ஆட்டோடும் ஒரு புல்லுக்கட்டோடும் ஓர் ஓநாயோடும் அதில் வருகிறார். பல பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டில்தான் சொல்லித் தரும் ஒரு கருத்து, சுழலுக்குள் மாறாதிருக்கும் உண்மை, பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர்களுக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது.

(எல்லாமே அப்படி என்று சொல்லிவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் சி++ நிரலைப் பைத்தானுக்குள்ளிருந்து இயக்குவதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. எந்தப் பிள்ளைக்கு என்ன பாவத்துக்காக அது வைக்கப்பட்டது என்று தெரியவில்லை. அதையும் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்கிறார்கள்.)

அந்த மூன்று அத்தியாயங்களின் பயிற்சிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. விக்ரமாதித்தனிடம் இரண்டு மாய வாள்கள். முதல் வாளால் ஒரே வீச்சில் டிராகனின் 19 தலைகளை வெட்டலாம், ஆனால் அதற்குப் பிறகு 13 தலை முளைத்துவிடும். இரண்டாவது வாளால் 7 தலைகளை வெட்டலாம், ஆனால் 22 முளைக்கும். எல்லாத் தலைகளும் போனால் டிராகன் சாகும். தொடக்கத்தில் அதற்கு 1000 தலை. அது எப்போதாவது சாகுமா?

கேட்டவுடன் கை பரபரக்கும். கூட்டிக் கழித்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் வாள்வீச்சுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்பதற்கு முடிவே இல்லை, எல்லாவற்றையும் சோதிக்க ஆயுள் போதாது. எனவே வேறு மாதிரி யோசிக்க வேண்டும். முதல் வாள் தலைகளின் எண்ணிக்கையில் மொத்தத்தில் 6 குறைக்கிறது. இரண்டாவது 15 கூட்டுகிறது. இரண்டுமே மூன்றின் மடங்குகள். ஆகவே எந்த வாளை எத்தனை முறை வீசினாலும், தலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் வரும் மீதி மாறாது. ஆயிரத்தை மூன்றால் வகுத்தால் மீதி 1. பூஜ்யத்துக்கு மீதி 0. அங்கே போய்ச் சேரவே முடியாது. டிராகன் சாகாது. புத்தகம் தரும் குறிப்பும் இதே வழியில்தான் கைகாட்டுகிறது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். வகுத்து மீதி பார்க்கும் யோசனை அவளுக்குப் பிடித்துவிட்டது. நான் வெற்றிகரமாக முடித்துவிட்டு டீயை எடுக்கும்போது கேட்டாள்.

"மாமா, தலை எப்ப முளைக்கும்? வெட்டுறப்பவேயா, வெட்டுன பிறகா?"

"வெட்டின பிறகு."

"அப்போ சரியா பத்தொன்பது தலை இருக்கும்போது மொத வாளால வெட்டுனா எல்லாத் தலையும் போயிரும்ல? செத்துரும். செத்தது எப்படி மாமா திரும்ப முளைக்கும்?"

பத்தொன்பதை மூன்றால் வகுத்தாலும் மீதி 1. ஆயிரத்திலிருந்து போய்ச் சேர முடியாத எண் அல்ல அது. போக முடியுமா பார் என்றேன். ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வாளை மட்டும் வீசிக்கொண்டே போனால் ஆயிரம் ஆறு ஆறாகக் குறைந்து 22 வரும், அடுத்து 16 வரும், பத்தொன்பதைத் தாண்டிப் போய்விடும். சோர்ந்து போனாள். பிறகு, தலைகளைக் கூட்டிவிடுகிற, யாரும் தொடவே விரும்பாத அந்த இரண்டாவது வாளை ஒரே ஒரு தடவை வீசினாள். 1015. அங்கிருந்து முதல் வாள் 166 தடவை. 1015-லிருந்து 996 போனால் 19. அப்புறம் கடைசி வீச்சு. மொத்தம் 168 வீச்சில் டிராகன் செத்தது.

யார் சொன்னது சரி? கேள்வி எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசித் தலை விழுந்த கணமே சாவு என்றால் அவள் சொன்னது சரி. முளைத்து முடிந்த பிறகுதான் எண்ண வேண்டும் என்றால் புத்தகக் குறிப்பு சரி. கேள்வி இதைத் தெளிவாக்கவில்லை. சிக்கலைத் துல்லியமாகச் சொல்வது பற்றித் தனி அத்தியாயமே வைத்திருக்கும் புத்தகத்தில் இப்படி ஓர் இடைவெளி இருப்பதும் ஒரு நல்வாய்ப்புதான். கணினித் துறையில் சம்பளம் வாங்குகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அவர்களுடைய பாதி வேலை, "முளைப்பது எப்போது?" என்று வாடிக்கையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். அதைக் கேட்க மறந்ததால் விடிய விடிய உட்கார்ந்தவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் நிறைய. எட்டாம் வகுப்புப் பெண் கணினியைத் தொடாமல் ரஃப் நோட்டில் இரண்டு காரியங்களைச் செய்தாள். கேள்விக்குள் இருந்த ஓட்டையைக் கண்டாள். அந்த ஓட்டை வழியாக ஒரு பாதை போட்டுக் காட்டினாள். கணினி அறிவியல் என்று நான் எதை நினைக்கிறேனோ அது முழுவதும் இதற்குள் இருக்கிறது.

அவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும்போது இந்தக் கணக்கு அவளுக்கு நடத்தப்படுமா என்பது சந்தேகம். தேர்வுக்கு வராத கணக்கு. அந்த அத்தியாயங்களிலிருந்து ஒரு மதிப்பெண் வினாக்கள் வருகின்றன, வரையறைகள் வருகின்றன. சுழலுக்குள் மாறாத உண்மை எந்தெந்த இடத்தில் மெய்யாக இருக்க வேண்டும் என்பதற்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டு வரலாம். அதன் பயன் என்ன என்று ஒரு நாளும் தெரிந்துகொள்ளாமலே அந்த ஒரு மதிப்பெண்ணை வாங்கிவிடலாம். தப்பித்தவறி வினாத்தாள் தயாரிப்பவர் புதிதாக ஒன்றைக் கேட்டுவிட்டால் மறுநாள் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். "புத்தகத்துக்கு வெளியிலிருந்து கேட்டுவிட்டார்கள்" என்று தேர்வு மையத்து வாசலில் மைக் முன்னால் பெற்றோர் பேசுவார்கள். "புக் பேக்ல இல்ல, இன்டீரியர்லயும் இல்ல" என்பார்கள் பிள்ளைகள். கருணை மதிப்பெண் கோரி அறிக்கை வரும். இப்படி ஒரு சமூகமே கூடித்தான் அந்த 6,996-ஐ உண்டாக்குகிறது.

மற்றப் பாடங்களிலும் இந்த நோய் உண்டு. கணினி அறிவியலில் மட்டும் ஏன் இத்தனை வலிக்க வேண்டும்? காரணம் உண்டு. வரலாற்றில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால் அதைத் தப்பென்று சொல்ல ஆசிரியர் வேண்டும். கணிதத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். நிரல் எழுதும்போது அப்படியில்லை. இயந்திரம் உடனே, யாருக்கும் கேட்காமல், எரிச்சல் இல்லாமல், சாதி மதம் அப்பாவின் வேலை எதுவும் விசாரிக்காமல், நீ சொன்னதைத்தான் செய்தேன், நீ நினைத்தது வேறு என்று காட்டிவிடுகிறது. கூச்சப்பட ஆளில்லாத ஒரு தப்பு. அதைத் திருத்திப் பார்க்கலாம், மறுபடியும் தப்பாகலாம், மறுபடியும் பார்க்கலாம். நம் வகுப்பறைகளில் அப்படி ஒரு தனிமை ஒரு பிள்ளைக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. அதையும் நாம் எடுத்துக்கொண்டு மனப்பாடச் செய்யுளாக மாற்றி வைத்திருக்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட், ஜெனிவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயுடன் வேலை செய்தவர். அமெரிக்காவுக்குப் போன பிறகு வாலஸ் ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து 1967-ல் லோகோ என்ற மொழியை உருவாக்கினார். திரையில் ஓர் ஆமை. முன்னால் நூறு அடி போ, வலப்பக்கம் தொண்ணூறு பாகை திரும்பு என்றால் கோடு வரைந்துகொண்டே போகும். நான்கு தடவை சொன்னால் சதுரம். அடுத்து முக்கோணம் வரையச் சொன்னால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே தப்பைச் செய்வார்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் அறுபது என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள். அறுபது பாகை திரும்பு என்று மூன்று தடவை சொல்வார்கள். முக்கோணம் வராது. அரை அறுகோணம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. பிள்ளை எழுந்து தானே நடந்து பார்க்கும். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று கவனிக்கும். உள்கோணம் அறுபது, திரும்ப வேண்டியது நூற்றிருபது என்று காலால் கண்டுபிடிக்கும். பேப்பர்ட் 1980-ல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தின் உயிர் இதுதான்: தப்பைக் கண்டு ஓடாமல் அதைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம்.

பேப்பர்ட்டின் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கிராட்ச் 2007-ல் வெளியானது. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் செய்யலாம். அது நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். அறிவியல் பாடத்தின் 23-ஆவது அலகில், அதாவது கடைசி அலகில். நியூட்டனின் விதிகள், மின்சாரம், கரிமச் சேர்மங்கள், மரபியல் எல்லாம் முடித்து, இரண்டாம் திருப்புதல் தேர்வு நெருங்கும்போது, இயற்பியலோ உயிரியலோ படித்த ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் வாசித்து முடிக்கும் இடத்தில் ஸ்கிராட்ச்சின் சின்னமான பூனை நின்றுகொண்டிருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். கணினியின் பாகங்கள், படம் வரைவது, லிப்ரே ஆபீசின் கால்க், இம்பிரெஸ் என்று அறிவியல் புத்தகத்தின் வால் பகுதியில் சில பக்கங்கள். உள்ளீட்டுச் சாதனம் எது, வெளியீட்டுச் சாதனம் எது என்று பட்டியல். பத்திலிருந்து பதினான்கு வயது வரை, பிள்ளைகள் எதையும் பிரித்துப் பார்க்கத் துடிக்கும் காலத்தில், இந்தப் பாடத்துக்கு நாம் ஒதுக்கிய இடம் இவ்வளவுதான்.

இயந்திரங்களுக்கு நாம் செலவழிக்காமல் இல்லை. 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தில் உருவான சுமார் 12,000 பிபிசி மைக்ரோ கணினிகள் மாநிலங்களுக்குப் போயின. அந்தக் கணினியில் 32 கிலோபைட் நினைவகம். அதில் ஒரு சிறப்பு உண்டு. இயக்கினால் கறுப்புத் திரையில் பேசிக் மொழிக்கான குறி மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். நிரல் எழுதவில்லை என்றால் அதனோடு செய்ய வேறு வேலையே இல்லை. பிறகு வந்த கணினிகள் அழகழகான பட்டன்களோடு வந்தன. பாடமும் அவற்றின் பின்னால் போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் ஸ்டார் ஆபீஸ் வந்தது. எந்த மெனுவுக்குள் எந்தக் கட்டளை இருக்கிறது என்று ஒரு தலைமுறை மனப்பாடம் செய்தது. அந்த மென்பொருளை ஆரக்கிள் நிறுவனம் 2011-ல் கைவிட்டது. நம் பிள்ளைகள் 2019 வரை அதன் மெனுக்களைத் தேர்வில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2011-ல்தான் இலவச மடிக்கணினித் திட்டமும் வந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள். அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இணையவழி வினாடி வினா நடக்கும். நான்கு விடைகளில் ஒன்றை மவுசால் அழுத்துவதற்கு அத்தனை கணினிகள்.

இங்கிலாந்துக்கும் இதே வியாதி இருந்தது. அங்கே பள்ளிகளில் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் என்றே பாடம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் சலித்துப்போனார்கள். 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை கொடுத்தது. மூடிவிடுவதா, மறுபடி தொடங்குவதா என்பதே அதன் தலைப்பில் இருந்த கேள்வி. அதே மாதம் பழைய பாடத்திட்டத்தைக் கைவிடுவதாகக் கல்வி அமைச்சர் அறிவித்தார். 2014 செப்டம்பரிலிருந்து ஐந்து வயதிலேயே அல்காரிதம் என்று புதிய பாடத்திட்டம் வந்தது. நல்ல பாடத்திட்டம்தான். ஆனால் நேற்று வரை எக்செல் நடத்திய ஆசிரியர்கள் இன்று நிரல் நடத்த வேண்டியிருந்தது. போதுமான பயிற்சி இல்லை, ஆட்கள் இல்லை. பதினாறு வயதில் கணினி அறிவியல் தேர்வு எழுதுகிறவர்களில் பெண்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். நம் ஊரில் கணினி அறிவியல் குரூப்பில் எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் பெண்கள் நிறைந்திருப்பார்கள். இங்கிலாந்து பொறாமைப்பட வேண்டிய செய்தி இது. நாம் அதன் அருமை தெரியாமல் அந்தப் பெண்களை ரெக்கார்ட் நோட்டு எழுத வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இயந்திரமே இல்லாமல் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெல்லோஸ் ஆகியோரோடு சேர்ந்து தொண்ணூறுகளில் உருவாக்கிய 'அன்பிளக்டு' முறையில் மின்சாரமே தேவையில்லை. சாக்கட்டியால் மைதானத்தில் ஒரு பின்னல் கோலம் போடுவார்கள். ஆறு பிள்ளைகள் கையில் ஆறு எண்களோடு ஒரு முனையில் நிற்பார்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டிரண்டு பேர் எண்களை ஒப்பிட்டு, சிறிய எண் இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் என்று நடப்பார்கள். மறுமுனைக்கு வரும்போது ஆறு பேரும் ஏறுவரிசையில் நிற்பார்கள். எப்படிக் கலைத்துவிட்டாலும் அப்படித்தான் வந்து நிற்பார்கள். ஏன் என்று கேட்காமல் எந்தப் பிள்ளையும் வகுப்புக்குத் திரும்பாது. இந்தியாவிலும் 2016-லிருந்து ஏசிஎம் இந்தியா அமைப்பின் 'சிஎஸ்பாடசாலா' முயற்சி இந்த வழியில் பாடங்களைச் செய்து ஆசிரியர்களிடம் கொண்டுபோகிறது. கரன்ட் இல்லாத பள்ளியும் இதைச் செய்யலாம். கரன்ட் இருக்கிற பள்ளிகள் செய்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆசிரியர்களுக்கு வருகிறேன் என்று சொன்னேன். தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை நடத்தியவர்கள் நடத்தப்பட்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள், சொற்பத் தொகுப்பூதியம் வாங்கினார்கள், பணி நிரந்தரம் கேட்டு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினார்கள். கணினி அறிவியலில் பட்டம் வாங்கி பி.எட்.டும் முடித்துவிட்டு, ஆறு முதல் பத்து வரை தங்கள் பாடமே தனிப் பாடமாக இல்லாததால், காத்திருந்தே வயதைக் கடத்தியவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. பள்ளிக்குள் இருக்கிறவர்களுக்கோ வேறு வேலை. அலுவலகக் கணினியில் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், புரொஜெக்டர் ஓடவில்லை என்றால் கூப்பிடு. இத்தனைக்கும் நடுவில் சென்டம் எத்தனை என்று தலைமையாசிரியர் கேட்பார். டிராகன் கணக்கை வகுப்பில் எடுத்து ஒரு பீரியடை 'வீணாக்க' எந்த ஆசிரியருக்குத் துணிவு வரும்? நானாக இருந்தாலும் ஃபேக்டோரியலைத்தான் இன்னொரு தடவை எழுத வைத்திருப்பேன்.

இந்த நேரத்தில் மேலிருந்து புதிய அலைகள் வருகின்றன. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கம் என்கிறது. சிபிஎஸ்இ 2019-20-லேயே ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக வைத்துவிட்டது. தனியார் பள்ளி விளம்பரங்களில் ரோபோ இல்லாத பக்கம் இல்லை. இவற்றுக்கு நடுவில் ஒன்று நடந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. நம் செய்முறைத் தேர்வின் பத்துப் பயிற்சிகளையும் அது டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுக்கும், நாலு ஸ்பேஸ் தவறாமல். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை இனி போட்டிபோட வேண்டியது அதனோடு. அது எழுதித் தருவதில் தப்பு இருந்தால், பத்தொன்பதாவது தலையை அது கவனிக்காமல் விட்டிருந்தால், கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குகிற பயிற்சி நம் பள்ளியில் எந்தப் பீரியடில் நடக்கிறது?

வினாத்தாள் தயாரிக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. செய்முறைத் தேர்வின் 20 மதிப்பெண்ணில் ஐந்தை மட்டும் எடுத்து, புத்தகத்தில் இல்லாத, ஓடாத ஒரு நிரலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பத்து வரி போதும். அதை ஓட வை என்று சொல்லுங்கள். முழுவதும் சரிசெய்யாவிட்டாலும், எங்கே பழுது என்று தேடிய வழியை எழுதினால் பாதி மதிப்பெண் கொடுங்கள். முதல் ஆண்டு கூச்சல் வரும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு டியூஷன் சென்டர்களே ஓடாத நிரல்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுப்பார்கள். கொடுக்கட்டும், அந்த மனப்பாடத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அரசாணை வரும்வரை காத்திருக்க விரும்பாத பெற்றோருக்கும், ஆறாம் ஏழாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் அதே பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கணினி வேண்டாம், ஏழு டம்ளர் போதும். ஏழையும் மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். ஒரு தடவைக்கு ஏதாவது இரண்டு டம்ளர்களை ஒரே நேரத்தில் திருப்பலாம். கவிழ்ந்தது நிமிரும், நிமிர்ந்தது கவிழும். ஏழையும் நிமிர்த்த முடியுமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அரை மணி நேரம் சத்தம் போடட்டும். தயவுசெய்து விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.